உறை ஒட்டாத கடிதங்கள்

ஜூன் 2
பேருந்து நிலையம், பெண்கள் காத்திருப்பு அறை

என் வீட்டுக்காரருக்கு,

என்னைக் கொண்டுவந்து விட்ட லாரி டிரைவர் டீ குடித்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பக் கிளம்புவதற்குள் இதை எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் போட்டாலும் வந்துசேரும்தான். ஆனால் மனைவியாக உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதம் இது. ஊர் பேர் தெரியாத பெட்டியில் போட மனம் வரவில்லை. கடைசி என்றால் பதினொரு மாதத்துக்குக் கடைசி.

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி நிலையத்துக்குள் போகிறேன். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்களாம். பட்டறையை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். கடிதம் எழுதலாம், ஆனால் உறையை ஒட்டாமல் கண்காணிப்பாளர் மேடத்திடம் கொடுக்க வேண்டும். வருகிற கடிதத்தையும் அவர் படித்துவிட்டுத்தான் தருவாராம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நெட்டையான பெண்ணும் அங்கேதான் வருகிறாள். அவளுடைய அக்கா போன வருஷம் அங்கே இருந்தவளாம், இதெல்லாம் இவள் சொன்னதுதான்.

ஆகவே, விண்ணப்பத்தில் இருப்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்காவது உளறிவிடாமல் இருக்க. நான் கல்யாணம் ஆகாதவள். வேலையில்லாதவள் என்பது மட்டும்தான் அந்தப் பக்கத்தில் உண்மை. நீங்கள் என் அண்ணன், பாதுகாவலர். சுண்டு உங்கள் மகள், எனக்கு மருமகள். குழந்தையின் தாய் என்ற கட்டத்தில் "காலமாகிவிட்டார்" என்று எழுதியது நீங்கள். எழுதிவிட்டு, "ஏன்டி செத்தவளே, ஒரு டீ போடேன்" என்று கேட்டீர்கள். நானும் போய்ப் போட்டேன். அன்று எப்படிச் சிரித்தோம். கல்யாணமான பெண்களைச் சேர்ப்பதில்லை, பாதியில் ஓடிவிடுவார்கள் என்று அந்த விதியை எழுதியவருக்கு நம்மைத் தெரியாது.

நான் கிளம்பிய பிறகு நீங்கள் வீடு மாறுவதும் நல்லதுதான். விசாரிக்க ஆள் வந்தால், மனைவி இல்லாதவர் என்றே புதுத் தெருவில் சொல்வார்கள். நம் கல்யாணத்தை எங்கும் பதிவு செய்யாமல் விட்டதற்கு நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன். அதுவும் இப்போது சௌகரியமாகிவிட்டது. என் வீட்டில் என்னை என்றைக்கோ தலைமுழுகிவிட்டார்கள்; அங்கே போய் யாரும் கேட்கப் போவதில்லை.

முடித்தால் தொழிற்சாலையில் வேலை. ஒரு வருஷம் கழித்துக் குடியிருப்பு தருகிறார்கள். நீங்களும் சுண்டுவும் வந்துவிடலாம். அண்ணனாக இருந்தவர் அங்கே எப்படிப் புருஷனாவார் என்று கேட்காதீர்கள், அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

கழுத்தில் இருந்ததைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து டிரைவரிடம் கொடுக்கிறேன். வாங்கிப் பெட்டியில் வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொளுத்திவிடுங்கள்.

சுண்டு தூங்கும்போது கிளம்பிவிட்டேன். எழுந்து தேடினாளா?

இப்படிக்கு,
செத்தவள்


ஜூன் 15
மகளிர் விடுதி

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை.

நான் நலம். நாங்கள் நாற்பது பேர். தூங்கும் இடம் நீளமான கூடம், இரண்டடுக்குக் கட்டில்கள். நெட்டை எனக்கு மேல் கட்டில். படுத்தால் அவளுடைய கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; காலையில் எழும்போது இடித்துக்கொள்ளாமல் எழுவதுதான் எனக்கு முதல் பயிற்சி.

பட்டறையில் ஆளுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற ஒரு சால்டரிங் அயர்ன். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் கம்பியை மேஜையில் மாட்டிவிடுகிறார்கள். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்குப் போய்விட வேண்டுமாம், இல்லையென்றால் தொட்ட மாத்திரத்தில் சில பாகங்கள் செத்துவிடுமாம். எழுந்து போக வேண்டுமானால் கம்பியைக் கழற்ற வேண்டும். முதல் நாள் மறந்து எழுந்த ஒருத்தி மேஜையையே இழுத்துவிட்டாள். "மாட்டுக்குக் கயிறு எதுக்குன்னு இப்ப புரியுதாம்மா" என்றார் வாத்தியார். அவருக்கு அது நகைச்சுவை.

பழைய சர்க்யூட் போர்டுகளில்தான் பழகுகிறோம். இந்த வாரம் ஈயம் வைத்து ஒட்டியதை அடுத்த வாரம் உருக்கி எடுக்க வேண்டும். பிறகு அதே போர்டில் மறுபடி ஒட்ட வேண்டும். எனக்கு வந்த போர்டில் போன வருஷத்துப் பெண் யாரோ ஊசியால் ஓரத்தில் ஒரு பூ கீறியிருக்கிறாள்.

மருமகள் எப்படி இருக்கிறாள்? இரவில் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பழக்கம் உண்டே, இப்போது யார் காதைப் பிடிக்கிறாள்? உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


ஜூன் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணா என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை மரியாதை வீட்டில் இருந்தபோது இருந்ததாக நினைவில்லை.

நாங்கள் சுகம். புது வீடு மாடியில். பழுது பார்க்க வருகிற சோபா மெத்தைகளை ஏற்றி இறக்கத்தான் இடுப்பு ஒடிகிறது. கீழ்வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். என் சோபா உறைகளை இப்போது அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறேன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். பகலில் சுண்டு அவள் மிஷினுக்கு அடியில் துணித்துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்காமலேயே தையல்காரி அவளுக்குச் சோறும் ஊட்டிவிடுகிறாள்.

லாரி டிரைவர் கொண்டுவந்த சாமானைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். கூட வந்த காகிதம் அன்றே அடுப்புக்குப் போய்விட்டது.

பார்வையாளர் நாள் வருமே, அதற்காக உன் மருமகளுக்கு நானும் இங்கே ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறேன். உன் படத்தைக் காட்டி "இது யாரு?" என்பேன். "அத்தை" என்றால் ஒரு பிஸ்கெட். தப்பாகச் சொன்னால் கிடையாது. முதல் வாரம் ஒரே அழுகை. நேற்று பத்துக்கு ஏழு சரி. உங்களுக்கு மட்டும்தான் மாதாமாதம் உதவித்தொகையா?

காதுப் பழக்கத்தையும் மறக்கடித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகப் படி.

அண்ணன்


ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்துக்கு ஏழு என்று படித்ததும் மகிழ்ந்தேன். மீதி மூன்று தடவை என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

கீழ்வீட்டு அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு செய்கிற மனசு எல்லோருக்கும் வராது. சுண்டுவுக்குப் பால் கொடுத்தால் ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சூடாக இருந்தால் துப்பிவிடுவாள் என்று சொல்லிவையுங்கள்.

இந்த மாத உதவித்தொகை பாதுகாவலர் கணக்குக்கு அனுப்பியாயிற்று என்று மேடம் பலகையில் ஒட்டியிருந்தார். சோப்பு, எண்ணெய்க்கு எனக்குக் கொஞ்சம் அனுப்பினால் நல்லது. நெட்டையிடம் இரண்டு முறை வாங்கிவிட்டேன்.

இப்போது பழுது கண்டுபிடிக்கும் பாடம். போர்டு பார்க்க ஒழுங்காக இருக்கும். பளபளவென்று ஈயம் உட்கார்ந்திருக்கும். ஆனால் உள்ளே பிடிப்பே இருக்காது. தட்டினால் வேலை செய்யும், மறுபடி நின்றுவிடும். "கண்ணை நம்பாதீங்கம்மா, மீட்டர வெச்சுப் பாருங்க" என்பார் வாத்தியார். நான் வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறேன். இரண்டு மாதம் ஆவதற்குள் நாற்பது பேரில் மூன்று பேர் பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். மேடம் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆள் கணக்குக் குறைந்தால் நிலையத்துக்கு மேலிடத்தில் கேள்வி வருமாம்.

ஆகஸ்டு முதல் ஞாயிறு பார்வையாளர் நாள். மருமகளோடு வருவீர்கள்தானே?

உங்கள் அன்புத் தங்கை


ஆகஸ்டு 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் ஞாயிறு வர முடியாமல் போய்விட்டது. நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய் என்று தெரியும். இரண்டு சோபா ஒரே நேரத்தில் வந்துவிட்டது. தவிர, பிள்ளை பத்துக்கு ஒன்பதுதான். அந்த ஒன்று உன் மேடம் முன்னால் வந்தால் உன் இடம் போய்விடும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

பணம் வந்தது. வீட்டுக்கு அட்வான்ஸ் மீதி கட்டினேன். தையல்காரியின் மிஷின் மோட்டார் எரிந்துபோய்விட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? சோப்புக்கு அடுத்த மாதம் பார்க்கலாம்.

செப்டம்பரில் கட்டாயம் வருவோம்.

அண்ணன்


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீங்களும் மருமகளும் வந்துபோனதிலிருந்து விடுதியில் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "எவ்வளவு சமத்தா உக்காந்திருந்துச்சு" என்கிறார்கள். உண்மைதான். நான் வாசலுக்கு ஓடி வந்தபோது அவள் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் குனிந்து காதில் ஏதோ சொன்னீர்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து "அத்தை" என்றாள். சொல்லிவிட்டு உங்களிடம் கை நீட்டினாள். நீங்கள் சட்டைப்பையிலிருந்து பிஸ்கெட் எடுத்துக் கொடுத்தீர்கள்.

நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் மேடம் நின்றுகொண்டிருந்ததால் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. "அண்ணன்னா இப்படி இருக்கணும். பொண்டாட்டி போனப்புறம் பிள்ளைய எப்படி வளர்க்கிறாரு பாரு" என்று பிறகு என்னிடம் சொன்னார். நான் ஆமாம் மேடம் என்றேன்.

மடியில் உட்காரவைத்தேன். இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். தலையில் வேறு எண்ணெய் வாசம். அவள் போட்டிருந்த நீலக் கவுன் கீழ்வீட்டு அக்கா தைத்ததா? கழுத்துப் பட்டியில் சின்னச் சின்ன மடிப்பு வைத்து அழகாகத் தைத்திருக்கிறாள். அவ்வளவு நுணுக்கமாகத் தைக்க நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். பிள்ளை நெளியாமல் நின்று அளவு கொடுத்திருக்கிறாளே, அதுதான் ஆச்சரியம். எனக்கு ஒரு நாளும் நின்றதில்லை. அண்ணிக்கும் நின்றிருக்க மாட்டாள், அண்ணி இருந்திருந்தால்.

போகும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை, நேரமாகிவிட்டது, தூக்கம்.

இனி பிஸ்கெட் வேண்டாம், அண்ணா. பயிற்சி போதும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

உங்கள் தங்கை


அக்டோபர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். பிள்ளை நலம். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நீ படிக்கிற நேரத்தில் அதுவும் நல்லதுதான். கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது.

கவுன் விஷயம் கேட்டிருந்தாய். ஆமாம், அவள் தைத்ததுதான். எண்ணெயும் அவளுடையதுதான். ஒவ்வொன்றுக்கும் மோப்பம் பிடித்துக் கடிதம் எழுதாதே. மேடம் என்ன நினைப்பார்?

அண்ணன்


நவம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

மோப்பம் பிடிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பழுது பார்ப்பதில் இந்தப் பருவத்தில் நான்தான் முதல். பதினெட்டு போர்டு கொடுத்தார்கள், பதினெட்டையும் ஓட வைத்தேன். வாத்தியார் என் போர்டுகளை மற்ற மேஜைகளுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "கல்யாணம் கில்யாணம்னு போயிடாதம்மா, உனக்கு நல்ல கை" என்றார். நெட்டை சிரித்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மேல் கட்டிலில் படுத்திருப்பவளுக்குக் கீழே இருப்பவள் அழுவது கேட்கும்தானே.

டிசம்பர் கடைசியில் பத்து நாள் விடுமுறை. பாதுகாவலர் எழுதிக் கேட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். தயவுசெய்து இந்த வாரமே மேடத்துக்கு எழுதுங்கள். பத்து நாள் சுண்டுவோடு ஒரே பாயில் படுத்தால் போதும். பிறகு ஏப்ரல் வரை தாக்குப்பிடித்துவிடுவேன்.

உங்கள் தங்கை


டிசம்பர் 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி. அண்ணி வந்துவிட்டாள்.

நீ ஊகித்திருப்பாய். உனக்குத்தான் பழுது கண்டுபிடிப்பதில் நல்ல கை ஆயிற்றே. போன புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் நானும் தையல்காரியும் கையெழுத்துப் போட்டோம். நான் அவசரப்படவில்லை. தெருவே சொல்லிற்று. வீட்டுக்காரப் பெரியவர் கூட, "செத்தவளையே நெனச்சுக்கிட்டு எத்தனை காலம்ப்பா இருப்ப? பொட்டப்பிள்ள வேற வெச்சிருக்க" என்றார். எனக்கும் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. அலுவலகத்தில் முதல் மனைவி இறந்ததற்குச் சான்று கேட்டார்கள். "அந்தக் கல்யாணமே பதிவாகலீங்க" என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்கள். அதைப் பதிவு செய்யாமல் விட்டது எவ்வளவு சௌகரியம் என்று நீயே ஒருமுறை எழுதியிருந்தாய்.

என்மேல் கோபம் இருக்கும். அண்ணன்மேல் தங்கைக்கு இருக்கிற கோபம் எத்தனை நாளைக்கு? யோசித்துப் பார். உனக்கு நல்ல வேலை கிடைக்கப்போகிறது. நீ இளம்பெண், கல்யாணமாகாதவள், பிள்ளைகுட்டி இல்லை. உன் வயதில் யாருக்கு இந்த விடுதலை கிடைக்கும்?

விடுமுறைக்கு மேடத்துக்கு எழுதவில்லை. இங்கே இருப்பது ஒரே அறை. புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கிற வீட்டில் நாத்தனார் வந்து எங்கே படுப்பாள்? நீயே சொல்.

உன் அண்ணி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


டிசம்பர் 10

அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கொடுக்கும்போது மேடம் எனக்கு வாழ்த்துச் சொன்னார். அண்ணிக்கு ஏதாவது வாங்கி அனுப்பு என்றார். அன்று பட்டறையில் அயர்னைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறேன், விரலில் பட்டது தெரியவில்லை. நெட்டைதான் பிடுங்கி வைத்தாள்.

இறந்துபோன அண்ணியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவள் சார்பில் நான் கேட்கிறேன். அவள் உங்களுக்காகத்தானே வீட்டை விட்டு வந்தாள்? நீங்கள் வேலை இல்லாமல் மூன்று மாதம் படுத்திருந்தபோது பாத்திரம் தேய்த்து யார் சோறு போட்டது? அவள் தானாகச் சாகவில்லை. நீங்கள் சாகச் சொன்னீர்கள், கட்டத்தை நிரப்பி நீட்டினீர்கள், அவள் சிரித்துக்கொண்டே செத்தாள். பதினொரு மாதத்தில் எழுந்து வந்துவிடலாம் என்று நம்பினாள்.

நீங்கள் யாரோடு வேண்டுமானாலும் இருங்கள். அவள் அதற்கு வழக்குப் பேச வரமாட்டாள். பிள்ளையை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் பயிற்சி முடிந்ததும் வாசலில் வந்து நிற்கிறேன், கையில் கொடுத்துவிடுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன். உதவித்தொகை முழுவதும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


டிசம்பர் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீண்ட கடிதம் எழுதியிருக்கிறாய். விரல் இப்போது ஆறிவிட்டதா?

என் மகளை உனக்குத் தத்துக் கொடுக்கச் சொல்கிறாய். அத்தைக்கு மருமகள்மேல் ஆசை இருப்பது இயல்புதான். ஆனால் தாய் இருக்கும்போது அத்தையிடம் யாராவது பிள்ளையைக் கொடுப்பார்களா? சுண்டு உன் அண்ணியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கு நான் பிஸ்கெட் கொடுக்கவில்லை. தானாக வந்தது.

உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் முதல் வரியே அண்ணாதான். உனக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்கிறாள் உன் அண்ணி.

இன்னொன்று. பயிற்சியை நீ பாதியில் விட்டால், இதுவரை வந்த தொகையைப் பாதுகாவலர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படி ஒரு நிலைமைக்கு என் தங்கை என்னை விடமாட்டாள் என்று தெரியும். மனதை அலையவிடாமல் படி.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


ஜனவரி 5
மகளிர் விடுதி

என் கணவருக்கு,

இதை உங்களுக்கு முன்னால் மேடம் படிப்பார். அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் உங்கள் தங்கை அல்ல, மனைவி. ஐந்து வருஷத்துக்கு முன் உங்களோடு வந்தேன். சுண்டு நான் பெற்ற பிள்ளை. அரசு மருத்துவமனையில், பகல் பதினொன்றரைக்குப் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. தகரப் பெட்டியில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியது பொய். எழுதியது நீங்கள், அதன் அடியில் கையெழுத்துப் போட்டது நான். இத்தனை மாதம் நான் எழுதிய கடிதங்களும் பொய்.

மேடம், உங்களை ஏமாற்றினேன். கல்யாணமானவள் என்றால் இங்கே எனக்கு இடமில்லை என்று தெரியும். வெளியே அனுப்புங்கள். வாங்கிய தொகையை நான் கட்டுகிறேன். எனக்கு இப்போது தொழில் தெரியும், எந்தக் கடையிலாவது உட்கார்ந்து ரேடியோவோ மிக்சியோ பழுது பார்த்துக் கட்டிவிடுவேன். அனுப்பும்போது, இவள் கல்யாணமானவள், ஒரு குழந்தைக்குத் தாய், அதனால் அனுப்புகிறோம் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

நம்பிக்கை இல்லையென்றால் குழந்தையை ஒருமுறை வரவழையுங்கள். இவர் இல்லாமல், பிஸ்கெட் இல்லாமல், பத்து நிமிடம் என்னிடம் தனியாக விடுங்கள். என் காதைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜனவரி 11
கண்காணிப்பாளர் அலுவலகம்

பாதுகாவலர் அவர்களுக்கு,

தங்கள் சகோதரி 5ஆம் தேதி எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். படித்தால் தங்கள் மனம் வருந்தும் என்று தெரியும். இருந்தாலும் தெரிவிப்பது என் கடமை.

பல வருடங்களாக இந்த விடுதியை நடத்திவருகிறேன். வீட்டை விட்டு வந்த பெண்கள், அதிலும் கெட்டிக்காரப் பெண்கள், கடைசிச் சில மாதங்களில் ஏதாவது ஒன்றை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் திருமணச் செய்தி வந்த நாளிலிருந்துதான் இவரிடம் மாற்றம் தெரிகிறது. குழந்தை இவரை அத்தை என்று அழைத்ததை நானே என் காதால் கேட்டேன். விண்ணப்பமும் இத்தனை மாதக் கடிதங்களும் ஒரே விதமாகவே சொல்கின்றன.

ஆண்டு ஆய்வு நெருங்குகிறது. ஏற்கெனவே ஆறு பேர் விலகிவிட்டார்கள். ஏழாவதாக ஒருவரை, அதுவும் பழுதுநீக்கத்தில் முதலிடத்தில் இருப்பவரை, பொய் விண்ணப்பம் என்று நானே எழுதி வெளியேற்றினால் நிலையத்துக்கு நல்லதல்ல. தங்களுக்கும் தொகையைத் திருப்பிச் செலுத்தும் சிரமம் ஏற்படும். எனவே, இவர் தங்கள் உடன்பிறந்த சகோதரி என்றும் திருமணமாகாதவர் என்றும் தாங்கள் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால் கோப்பை முடித்துவிடலாம்.

பிறப்புச் சான்றிதழ் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். குழந்தையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். அதனால் அவர் மனம் ஆறுதலடையும் என்று தாங்கள் கருதினால் அழைத்து வரலாம். கட்டாயமில்லை.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர்


ஜனவரி 19

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் என் மனைவியும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தாங்கள் கேட்டபடி எழுதுகிறேன். மேற்படி பயிற்சியாளர் என் உடன்பிறந்த தங்கை. அவளுக்கு இன்னும் திருமணமாகவில்லை.

அவள்மேல் கோபப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். என் முதல் மனைவி பிரசவத்தில் போனபோது பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கியவள் இவள்தான். அதை வளர்த்து வளர்த்துத் தான் பெற்றது என்றே நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பாசத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பயிற்சியை முடிக்கவைத்து, அப்படியே தொழிற்சாலையிலும் சேர்த்துவிட்டால் வேலை மும்முரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஏப்ரலில் அவளை இங்கே அனுப்ப வேண்டாம். நேராகத் தொழிற்சாலை விடுதியிலேயே சேர்த்துவிடுங்கள். பாதுகாவலர் என்ற முறையில் எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போட்டு அனுப்புகிறேன். உதவித்தொகை வழக்கம்போல் என் கணக்கிலேயே வரட்டும், அவளுக்காகத்தான் சேர்த்துவருகிறேன்.

சான்றிதழ் இருந்த பெட்டி வீடு மாறும்போது லாரியிலிருந்து விழுந்து தொலைந்துவிட்டது. அவள் சொல்கிற சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை.

குழந்தையை அழைத்துவருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
பாதுகாவலர்